அப்பாவுக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது, பால் ஒத்துக்கொள்ளவில்லை

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவுக்கு 57 வயது. ஓராண்டாக, இரவில் ஒரு பெரிய டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது; கடமுடவென்று இரைகிறது; விடிவதற்குள் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கிறது. தயிரும் மோரும் ஒன்றும் செய்வதில்லை. மருத்துவர் ‘லாக்டேஸ் குறைவு’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார். சித்தப்பா, பால் கலந்த எதையும் இனிமேல் தொடக்கூடாது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நாட்டு மாட்டுப் பாலுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இளம் வயதில் சொம்பு சொம்பாகப் பால் குடித்தவருக்கு இந்த வயதில் எப்படி இந்த நோய் வந்தது? தங்கையின் பத்து மாதக் குழந்தைக்குப் பேதியானபோதும் பாலை நிறுத்தச் சொன்னார்களே, அதுவும் இதுதானா? எனக்கும் இது வருமா? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: போன வருடம் சர்க்கரை இருப்பது தெரிந்து மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியிருக்கிறார்; எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, இரவுப் பாலும் அப்போதுதான் தொடங்கியது.

தர்மபுரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வயிற்றுக் கோளாறு பார்த்துவரும் மருத்துவன் நான். எனக்கு இந்தக் கேள்வியிலேயே முக்கியமானதாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லாக்டேஸ் என்கிற செரிமான நொதி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர்களுக்குக் கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்ற இரண்டு எண்களும் மனப்பாடம். கொழுப்பு போக மிஞ்சும் திடப்பொருள்தான் எஸ்.என்.எஃப். பசும்பாலில் அது எட்டரை சதவீதம் அளவுக்கு இருக்கும். அதில் பாதிக்கும் மேல் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. நூறு மில்லி பாலில் ஏறக்குறைய ஐந்து கிராம். ஒரு 200 மில்லி டம்ளரில் பத்து கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம். நாக்குக்கு அவ்வளவாக இனிக்காததால் நமக்கு அது தெரிவதில்லை.

இந்த லாக்டோஸ் இரட்டைச் சர்க்கரை. குளுக்கோஸ் ஒன்றும் கேலக்டோஸ் ஒன்றும் கைகோத்துக்கொண்டு நிற்கும். நம் குடல் இரட்டையாக வருகிற எதையும் உள்ளே விடாது. பிரித்துக்கொண்டு வந்தால்தான் விடும். பிரித்துவிடுகிற வேலைதான் லாக்டேஸுக்கு. இரைப்பையிலோ கணையத்திலோ சுரந்து உணவோடு கலக்கும் நொதி அல்ல இது. சிறுகுடலின் உட்சுவரில் மெத்தை நூல் போலக் கோடிக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. அவற்றின் மேலுள்ள செல்களின் விளிம்பிலேயே இந்த நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் அந்த வழியாகப் போகும்போது அங்கேயே லாக்டோஸ் வெட்டப்பட்டு, இரண்டு துண்டும் பக்கத்திலேயே இருக்கும் ஒரே கதவு வழியாக ரத்தத்துக்குப் போகின்றன. அந்தக் கதவு சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதே கதவை நம்பித்தான்.

நொதி வெட்டிவிட்டதா இல்லையா என்பதை நாக்காலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு முறை வீட்டில், மருந்துக் கடையில் கிடைக்கும் லாக்டேஸ் சொட்டு மருந்தை ஒரு டம்ளர் பாலில் விட்டு, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் அம்மாவிடம் நீட்டினேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, “யாருடா இதில் சர்க்கரை போட்டது?” என்று கேட்டார். லாக்டோஸாக இருந்தபோது மந்தமாக இருந்த இனிப்பு, குளுக்கோஸும் கேலக்டோஸுமாகப் பிரிந்ததும் தூக்கலாகிவிட்டது. லாக்டோஸ் நீக்கிய பால் என்று பாக்கெட்டில் விற்பது சற்றுத் தித்திப்பாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

வெட்டப்படாத லாக்டோஸ் என்ன ஆகும்? சிறுகுடலிலேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. மாவு புளிப்பது போலப் புளிக்க வைத்து, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலர் வயிற்றில் மீத்தேன், கூடவே சில அமிலங்கள் என்று வெளியே தள்ளும். காற்று உப்புசமாகிறது, தண்ணீர் பேதியாகிறது, இரண்டும் கலந்து நகர்வதுதான் அந்தக் கடமுடச் சத்தம். குடித்து அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் இது நடக்கும். தொல்லைதான்; ஆனால் இதனால் குடல் புண்ணாவதில்லை, அரிப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகத்தில் தெளிவு வந்துவிடும்.

இனி, இளம் வயதில் சொம்பு சொம்பாகக் குடித்தாரே என்ற கேள்வி. பிறக்கும்போது லாக்டேஸ் உச்சத்தில் இருக்கும். தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் அதிகம், நூறு மில்லிக்கு ஏழு கிராம்; அதைச் செரிக்க வேண்டுமே. பால் மறக்கும் வயதுக்குப் பிறகு அந்த நொதியின் உற்பத்தி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். கன்றுக்குட்டிக்கும் அப்படித்தான், நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். உலகத்தில் வளர்ந்த மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்த நொதி குறைந்துதான் இருக்கிறது. குறையாமல் இருப்பவர்கள்தான் விதிவிலக்கு. பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றை நாம் ‘நோய்’ என்று அழைப்பதே, பால் குடித்தே வளர்ந்த வட ஐரோப்பியர்கள் மருத்துவப் புத்தகம் எழுதியதால்தான் என்பது என் எண்ணம்.

அந்த விதிவிலக்கு எங்கிருந்து வந்தது என்பதை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாக்டேஸ் மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லை. டி.என்.ஏ. எழுத்துகளில் எண்ணினால் அதற்கு ஏறத்தாழ பதினான்காயிரம் எழுத்து தள்ளி, பக்கத்து மரபணுவுக்குள் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த எழுத்து மாறியவர்களுக்கு லாக்டேஸ் விளக்கு வயதானாலும் அணைவதில்லை. இந்தியாவிலும் அதே எழுத்துதான் மாறியிருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. ஆகவே நம் பக்கத்தில் 57 வயதுக்காரருக்கு லாக்டேஸ் குறைவு என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடி மாடு பேர் வாங்கியது ஏருக்கும் வண்டிக்கும்தான், கறவைக்கு அல்ல. களிக்கு மோரும் கூழுக்குத் தயிரும் நமக்குப் பழசு. படுக்கப் போகும் முன் கால் லிட்டர் பால் என்பது பலர் வீட்டில் புதுசு.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. நொதி இருபது, முப்பது வயதுக்குள்ளேயே குறைந்து முடிந்திருக்கும். தொல்லை மட்டும் ஏன் 56-இல் தொடங்கியது?

ஒரு பதில், அளவு. நொதி குறைவு என்றால் அறவே இல்லை என்று பொருள் அல்ல. குறைவாக இருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் பன்னிரண்டு கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறத்தாழ கால் லிட்டர் பால் வரை, பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள். காபியில் ஊற்றும் பால் ஐம்பது, நூறு மில்லி; அதில் இரண்டரை முதல் ஐந்து கிராம். அதையும் நாள் முழுக்கப் பரவலாகக் குடிக்கிறோம். உங்கள் அப்பா அத்தனை வருடமும் இந்த எல்லைக்குள்ளேயே இருந்திருக்கலாம். பெரிய டம்ளர் என்கிறீர்களே, அது முந்நூறு மில்லியாக இருந்தால் பதினைந்து கிராம், அதுவும் ஒரே மூச்சில். எல்லை தாண்டிவிட்டது. சோற்றோடோ களியோடோ சேர்த்துக் குடித்தால் இரைப்பை மெதுவாக இறக்கிவிடும். இருக்கிற கொஞ்ச நொதிக்கு வெட்ட நேரம் கிடைக்கும். வெறும் வயிற்றிலோ தூங்கும் முன் தனியாகவோ குடித்தால் மடை திறந்தது போல ஒரே வேகத்தில் வந்துவிடும். கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி சொல்வதும் இதேதான்: “மாம்பழம் நாலு சாப்பிட்டாலும் ஒன்றும் இல்லை டாக்டர், மில்க் ஷேக் குடித்தால் போச்சு.” மாம்பழத்துச் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ். அதை வெட்டும் சுக்ரேஸ் என்ற நொதி, லாக்டேஸுக்குப் பக்கத்திலேயே அதே விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வயதோடு குறைவதில்லை. ஷேக்கில் ஊற்றிய பால்தான் கணக்கைக் கெடுக்கிறது.

இரண்டாவது பதில், மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு இதைவிட நல்ல மாத்திரை அரிது. ஆனால் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் உப்புசமும் பேதியும் பலருக்கு வரும். நீங்கள் சொல்லும் தொல்லைகள் அப்படியே இதற்கும் பொருந்தும். பாலும் மாத்திரையும் ஒரே மாதத்தில் தொடங்கி, பழி முழுக்கப் பால் மேல் விழுந்திருக்கிறது. தயிருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால் பாலுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் மாத்திரையை விசாரிக்காமல் விடக்கூடாது. தானாக நிறுத்த வேண்டாம். சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள்; மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

பால் மேல் பழி விழுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பால் தங்களுக்கு அறவே ஆகாது என்று உறுதியாக நம்பிய 30 பேரை அழைத்து, ஒரு வாரம் தினமும் ஒரு கோப்பை சாதாரணப் பால், இன்னொரு வாரம் லாக்டோஸ் நீக்கிய பால், எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். சுவையில் தெரிந்துவிடாமல் இருக்கச் சாதாரணப் பாலிலும் இனிப்புச் சேர்த்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதைவிட வேடிக்கை, அவர்களில் ஒன்பது பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்துக்கொண்டிருந்தது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. மனித செல் எதுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்காது, நுண்ணுயிர்தான் உண்டாக்கும். ஆகவே இரவு பட்டினி இருந்து, காலையில் லாக்டோஸ் கரைசல் குடித்து, அரை மணிக்கொரு முறை ஊதிக் காட்டினால், மூச்சில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் இருபது பங்கு கூடினாலே லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது என்று பொருள். பெருநகர மருத்துவமனைகளில் செய்வார்கள். இதற்காக பஸ் ஏறிப் பெங்களூர் போகத் தேவையில்லை என்பேன். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், தயிர் இருக்கட்டும், மாத்திரை மாற்றத்தை அப்போது செய்ய வேண்டாம். பிறகு ஒரு நாள் அதே டம்ளர், அதே நேரம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது காரணம் என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது என்பதில் பலருக்குத் தப்பான கணக்கு இருக்கிறது. உறையும்போது லாக்டோஸ் எல்லாம் தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். தீர்வதில்லை, கால்பங்கு அளவுக்குத்தான் குறையும், புளிக்கப் புளிக்க இன்னும் கொஞ்சம். உண்மையான உதவி வேறு. தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களிடம் லாக்டோஸை வெட்டும் நொதி அவற்றுக்கே உரியதாக இருக்கிறது. தயிர் அவற்றை இரைப்பை அமிலத்திலிருந்து ஓரளவு காப்பாற்றிச் சிறுகுடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே அவை உடைந்து, தங்கள் நொதியை நமக்குக் கடன் கொடுக்கின்றன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் விருந்தாளி மாதிரி. அதனால்தான் தயிரைச் சூடாக்கிவிட்டால் இந்த உதவி போய்விடும். மோர்க்குழம்பில் அளவு கொஞ்சம் என்பதால் கவலை இல்லை. மோரில் தண்ணீர் பாதிக்கு மேல். நெய்யில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான். பனீரில் நீரோடு பெரும்பகுதி போய்விடும். பால்கோவாவில் நேர்மாறு, சுண்டக் காய்ச்சுவதால் தண்ணீர் போகிறது, லாக்டோஸ் அப்படியே கெட்டியாகத் தங்குகிறது. பால் பவுடரும் அதே கதை. கொழுப்பு நீக்கிய பவுடரில் பாதி லாக்டோஸ்.

நாட்டு மாட்டுப் பால் பற்றி. ஏ2 என்று சொல்லி விற்பதில் மாறுவது ஒரு புரதத்தின் வகை. லாக்டோஸ் அதே அளவில்தான் இருக்கும். எருமைப் பாலிலும் ஆட்டுப் பாலிலும்கூட லாக்டோஸ் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் பசு மேல் எனக்கு விரோதமில்லை, ஆனால் லாக்டேஸ் குறைவுக்கு அது மருந்து அல்ல.

சித்தப்பா சொல்வது இன்னும் ஆபத்து. பால், தயிர், மோர் எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்து குறையும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே காலமெல்லாம் குடித்தவர்களின் எலும்பை ஃப்ளூரைடு பதம் பார்க்கும். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். ஆகவே தயிரை நிறுத்தாதீர்கள். கேழ்வரகு இருக்கிறதே, நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எடைக்கு எடை பாலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதில் ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் காரணம் கேட்காமலே செய்துவந்த வேலை அது.

குழந்தை விஷயம் முற்றிலும் வேறு. அது வயதால் வந்த குறைவு அல்ல, அடிபட்டதால் வந்த குறைவு. ரோட்டா வைரஸ் போன்றவை குடலுறிஞ்சிகளின் நுனி செல்களைத்தான் தாக்கும்; லாக்டேஸ் இருப்பதும் அங்கேதான். நுனி போனால் நொதியும் போகும். மலம் புளிப்பேறி வருவதால் குழந்தையின் பின்பக்கம் சிவந்து புண்ணாகும். தாய்மார்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். குடல் செல்கள் சில நாட்களுக்கொரு முறை புதிதாக முளைப்பவை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நொதி திரும்பிவிடும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், பதினான்கு நாள் துத்தநாகமும், கூடவே தாய்ப்பாலும். பேதி இரண்டு வாரம் தாண்டினால் மட்டும், வேறு பாலைக் குறைப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பால் புரத ஒவ்வாமை இன்னொரு தனிக் கதை. அதில் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் எல்லாம் வரும். ஒரு வாய்ப் பால்கூட ஆகாது. லாக்டேஸ் குறைவை ‘பால் அலர்ஜி’ என்று சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும்.

பெரியவர்களுக்கும் குடலுறிஞ்சிகள் அடிபடலாம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய் என்று காரணங்கள் உண்டு. சீலியாக் வடக்கே அதிகம், இங்கே அரிது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று ஒரு நோய் இந்தப் பக்கங்களில் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பரவியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இவற்றிலெல்லாம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது ஒரு ஓரத்து அறிகுறிதான். பெரிய நோய் பின்னால் நிற்கும். அதனால்தான் ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக மலப்போக்கு மாறினால் ‘பால்தான்’ என்று கதவைச் சாத்திவிடாதீர்கள் என்கிறேன். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா, ரத்த சோகை இருக்கிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதியா? உங்கள் அப்பா விடிவதற்குள் எழுந்து போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்குக் குடித்த பாலால் அது ஆகலாம்தான். பாலை நிறுத்திய அந்த இரண்டு வாரத்திலும் இரவில் எழுந்தால் மருத்துவரிடம் உடனே போங்கள். ரத்தமும் மலமும் பரிசோதித்து, பெருங்குடல் எண்டோஸ்கோப்பி தேவையா என்று அவர் பார்க்க வேண்டும்.

லாக்டேஸ் மாத்திரை கடையில் கிடைக்கிறது. முதல் வாயோடு சேர்த்துப் போட்டால்தான் பலன். வயிறு உப்பிய பிறகு போட்டு ஒன்றும் ஆகாது. கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், தினமும் தேவையில்லை. சோதனையில் பால்தான் காரணம் என்று தெரிந்தால், இரவுப் பாலை விட்டுவிட்டு, மதியம் ஒரு கிண்ணம் தயிர், சாப்பாட்டோடு நூறு மில்லி பால் என்று தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டிப் பாருங்கள். இதனால் நொதி அதிகமாகாது, பெருங்குடலின் நுண்ணுயிர்கள்தான் பழகிக்கொள்ளும்.

உங்களுக்கும் இது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் லாக்டேஸும் அநேகமாக எப்போதோ குறைந்திருக்கும். காலையில் காபி குடித்துவிட்டுத்தான் இத்தனை நீளக் கேள்வியை எழுத உட்கார்ந்திருப்பீர்கள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை அல்லவா?